ஒளிவு மறைவில்லாத ஒரு பை

 

போன வாரம் என் நாத்தனார் மகள் போன் பண்ணினாள். அடுத்த மாதம் சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறாள். முதல் விமானப் பயணம். "அத்தை, எண்ணெய், பேஸ்ட் எல்லாம் வைக்க உள்ளே இருக்கிறது தெரியுற மாதிரி பை வேணுமாமே. கடையில பத்து விதம் காட்டுறாங்க. எதை வாங்குறது?" என்று கேட்டாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை இந்த ஒரு வருஷத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அம்மா அப்பா முதல் தடவையாகத் தனியாக விமானம் ஏறுகிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் இதில் நான் சொல்ல வேண்டியது வேறொன்றும் இருக்கிறது என்று தெரிந்தது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் 45 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்.

என் முதல் விமானப் பயணம் 2017-ல். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகளுக்குச் சிங்கப்பூரில் தலைப்பிரசவம். அவர் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஊரில் நின்றுவிட்டார். நான் மட்டும் கிளம்பினேன். மூன்று நாள் மூட்டை கட்டினேன். பெரிய பெட்டியில் பருப்புப் பொடி, சுக்கு, பழைய வேட்டித் துணி, பிள்ளைக்குச் சட்டை. கைப்பைக்குள் ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் என் சொந்தச் சாமான்கள்.

அந்த மஞ்சள் பையில் என்னென்ன இருந்தது என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன். 200 மில்லி தேங்காய் எண்ணெய் பாட்டில், அதில் கால் பங்குதான் எண்ணெய். பெரிய பேஸ்ட் ட்யூப். மூட்டுவலித் தைலம். தலைவலித் தைலம். மகளுக்காக நானே கிண்டிய பிரசவ லேகியம், ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய. அப்புறம், செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொட்டலம்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது. எனக்கு ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு இருமினால், தும்மினால், சிரித்தால் கொஞ்சம் சிறுநீர் கசியும். அதற்கு வைத்துக்கொள்ளும் பேட்தான் அது. என் வயதுப் பெண்களில் எத்தனையோ பேருக்கு இது உண்டு. அக்கா தங்கைகளிடம்கூடச் சொல்ல மாட்டோம். நானும் இன்றைக்குத்தான் சொல்கிறேன். (பெண் உறவுகளே, இதற்குப் பயிற்சியும் வைத்தியமும் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் ஐந்து வருஷம் தாமதித்துக் கேட்டேன்.)

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை. கைப்பை மெஷினுக்குள் போய் வந்தது. "இந்த பேக் யாருது?" என்றது ஒரு குரல். என்னுடையது. தனியாக ஒரு மேஜைக்குக் கூப்பிட்டார்கள். சீருடையில் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். தமிழ் அவ்வளவாக வரவில்லை. மரியாதையாகத்தான் பேசினாள். மஞ்சள் பையைத் திறக்கச் சொன்னாள். எனக்குப் பதற்றத்தில் கை நடுங்கியது. முடிச்சு அவிழவில்லை. இழுத்தேன். எல்லாம் மேஜை மேல் கொட்டிவிட்டது. ரப்பர் பேண்ட் அறுந்து அந்தப் பொட்டலமும் பிரிந்துகொண்டது.

பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். முப்பத்து நான்கு வருஷம் நான் உள்ளே நுழைந்தால் வகுப்பே எழுந்து நின்றது. அன்றைக்கு அந்த மேஜை முன்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

இரண்டு காரியம் நடந்தது. அந்தச் சீருடைப் பெண் ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் தட்டை இழுத்து அந்தப் பொட்டலத்துக்கும் வரிசைக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தாள். எனக்கு அடுத்து நின்ற பையன், வேலைக்குப் போகிறவன் போலிருக்கிறது, புதுச்செருப்பு, கழுத்தில் தாயத்து. அவன் சட்டென்று திரும்பி, சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்துவிட்டான். அது இந்தியில் இருந்தது. அவன் படித்தது எனக்காகத்தான்.

எண்ணெய் பாட்டில் போயிற்று. பேஸ்ட் போயிற்று. லேகியமும் போயிற்று. லேகியம் போனதற்குத்தான் விமானத்தில் அழுதேன் என்று மகளிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை. அந்த மேஜை முன் நின்றபோது எனக்கு வேறொரு மேஜை ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கேட்டவளுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன். முதலில் பை.

இந்த விதி எப்படி வந்தது என்று தெரிந்தால் எரிச்சல் குறையும். 2006 ஆகஸ்டில், அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போகும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் திரவ வெடிபொருள் வைத்துத் தகர்க்கத் திட்டமிட்டவர்களை இங்கிலாந்துப் போலீஸ் பிடித்தது. அதற்குப் பிறகுதான் கைப்பையில் திரவம் கொண்டுபோக உலகம் முழுக்கக் கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லாப் பாட்டிலும் சேர்ந்து 1 லிட்டர் கொள்ளும் ஒரே ஒரு பைக்குள் அடங்க வேண்டும். பை உள்ளே இருப்பது தெரிகிறதாக, திறந்து மூடக்கூடியதாக இருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு பை.

எது திரவம்? இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம். நான் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறேன். கவிழ்த்தால் ஊற்றும், பிதுக்கினால் வரும், விரலால் வழித்தால் ஒட்டும். இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலும் அது திரவக் கணக்கு. அதனால் பேஸ்ட், தைலம், முகத்துக்குப் போடும் கிரீம், லேகியம், ஊறுகாய், நெய், துவையல் எல்லாம் திரவம். சோப்புக்கட்டி, பல்பொடி, சீயக்காய்த்தூள், விபூதி இவை திரவம் இல்லை. நம் பாட்டிமார் சாமான்களில் பாதி சோதனையில் தாராளமாகத் தேறும். ஷாம்புக்குப் பதில் ஒரு பொட்டலம் சீயக்காய் எடுத்துக்கொண்டால் பையில் ஒரு பாட்டில் இடம் மிச்சம்.

பாட்டிலில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது கணக்கில்லை. பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. 200 மில்லி பாட்டிலில் ஒரு ஸ்பூன் எண்ணெய் இருந்தாலும் விட மாட்டார்கள். நான் தோற்றது இதில்தான். கொள்ளளவு என்று எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தியவள் கொள்ளளவில் தோற்றேன். பெரிய பாட்டில் வேண்டும் என்றால் மூடியை இறுக்கி, உறை போட்டு, பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள். இந்த 100 மில்லிக் கட்டுப்பாடு கைப்பைக்குத்தான். லேகியமும் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

இனி பை வாங்கும் கதை. 2017-ல் நடந்ததைக் கேட்டுவிட்டு என் மகள் அடுத்த பயணத்துக்கு ஓர் அழகான பை வாங்கிக் கொடுத்தாள். ஓரமெல்லாம் ரோஸ் கலர், உள்ளே எட்டு அறை, தொங்கவிட ஒரு கொக்கி. முன்பக்கம் மட்டும் தெரியும், பின்பக்கம் கறுப்பு வலை. வீட்டில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். இரண்டு லிட்டருக்கு மேல் பிடித்தது. இப்போது அதில் ரேஷன் கார்டும் ஆதார் நகல்களும் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு மிகவும் நல்லது.

அதிலிருந்து நான் கற்றது இவ்வளவு. கடையில் நின்று பார்க்க வேண்டியவை.

ஒன்று, அளவு. பள்ளிக்கூட ஸ்கேல் கொண்டுபோங்கள். ஐரோப்பாவில் சொல்லும் அளவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர். அதற்கு மேல் வேண்டாம். அமெரிக்காவில் ஒரு குவார்ட் என்பார்கள், அது 946 மில்லி, நம் லிட்டரைவிடக் கொஞ்சம் குறைவு. அங்கே போகிறவர்கள் இன்னும் சின்னதாகவே வாங்குங்கள்.

இரண்டு, ஒளி ஊடுருவுவது. பையை ஒரு செய்தித்தாள் மேல் வைத்துச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் படிக்க முடிய வேண்டும். பூப்போட்டது, நிறம் சேர்த்தது, வலை வைத்தது வேண்டாம். உள்ளே அறைகளும் வேண்டாம். அறை வைத்தால் இடம் குறையும், பார்க்கிறவருக்கும் சந்தேகம் கூடும்.

மூன்று, தையல். ஊசித் தையல் போட்ட பையில் ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு வாய்க்கால். எண்ணெய் ஒழுகினால் கைப்பையில் இருக்கும் பாஸ்போர்ட் வரை போகும். சூடு வைத்து ஒட்டிய ஓரம் நல்லது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பிடியுங்கள். ஒரு நிமிஷம் சொட்டாமல் இருந்தால் தேறியது.

நான்கு, மூடி. ஜிப் வைத்த பையைப் பல இடத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். சில இடத்தில் அவர்கள் தரும் அழுத்தி மூடும் பைக்கு மாற்றச் சொல்வார்கள். கோபப்படாமல் மாற்றிக்கொள்ளுங்கள். என் கணக்கில், ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கும், விரலால் அழுத்தி மூடுகிற தடித்த பிளாஸ்டிக் பையே போதும். விலை சில ரூபாய்தான். நான் எப்போதும் இரண்டு பை கூடுதலாக வைத்திருப்பேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. 1 லிட்டர் பையில் 100 மில்லி பாட்டில் எத்தனை வைக்கலாம்? பத்து என்று கையைத் தூக்குகிறவர்கள் கையை இறக்குங்கள். பாட்டில் வட்டம். சதுரத்துக்குள் வட்டம் வரைந்தால் நூற்றில் ஏறக்குறைய 21 பங்கு மூலையில் வீணாகும். 22/7-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள். அதற்கு மேல் பிளாஸ்டிக்கின் கனம், மூடி, கழுத்து. பை பிதுங்காமல் மூடவும் வேண்டும். ஐந்து, மிஞ்சினால் ஆறு. தட்டையான சதுர பாட்டில் வாங்கினால் ஒன்றிரண்டு கூடும்.

பாட்டிலில் ஊற்றிய பிறகு லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பது போலக் குறைந்துவிடும். பஸ் மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும்.

மருந்து தனி. பயணத்துக்கு வேண்டிய இன்சுலின், கண் சொட்டு மருந்து, சிரப் இவற்றையும் கைக்குழந்தையின் பாலையும் 100 மில்லிக் கணக்கில் பார்ப்பதில்லை. மருத்துவர் சீட்டுடன் வேறொரு பையில் வைத்து, கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டிவிடுங்கள். பயந்துகொண்டு மருந்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால் மருந்தும் ஒருநாள் தாமதம்.

கைப்பையில் இந்தப் பை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். சொன்னவுடன் எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். இப்போது புது ஸ்கேனர் வந்திருக்கும் சில விமான நிலையங்களில் வெளியே எடுக்கவே வேண்டாம் என்கிறார்கள். சில இடத்தில் 100 மில்லி விதியே தளர்ந்திருக்கிறது. ஆனால் போகும்போது தளர்ந்தது வரும்போது தளர்ந்திருக்காது. நடுவில் மாறும் இடமும் உண்டு. சிங்கப்பூர் சாங்கியில் பெரும்பாலான முனையங்களில் விமானம் ஏறும் வாசலில்தான் சோதனை. உள்ளே வந்துவிட்டோம் என்று நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அங்கே காலி செய்ய வேண்டியிருக்கும்.

நாத்தனார் மகளே, உன் கேள்விக்கு இதோடு பதில் முடிந்தது. இனி என் பாக்கி.

1993-ஆம் வருஷம். ஒன்பதாம் வகுப்பு. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து 42 பேர். கல்லணைக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் சுற்றுலா ஏற்பாடு. ஆளுக்கு 40 ரூபாய். நான்தான் பணம் வசூல் செய்தேன். ஒருநாள் மாலை எண்ணிப் பார்த்தால் 80 ரூபாய் குறைகிறது. மதிய இடைவேளையில் வகுப்பறையில் இருந்தவர்கள் நாலு பேர். அதில் ஒரு பெண் இன்னும் சுற்றுலாப் பணம் கட்டவில்லை. கட்ட முடியாத வீடு. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அவள் பையை எடுத்து என் மேஜை மேல் கவிழ்த்தேன். அவளைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. நானே கவிழ்த்தேன். புத்தகம், பாதிப் பென்சில், டிபன் டப்பா, எல்லாவற்றுக்கும் கடைசியில் நாலாக மடித்த ஒரு பழைய துணி. எதற்கு வைத்திருந்தாள் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின் பெஞ்சில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவள் பக்கத்தில் உட்காரும் பெண் ஓடிவந்து தன் நோட்டை விரித்து அந்தத் துணி மேல் வைத்தாள். அந்த வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது, 35 வயது டீச்சருக்குத் தெரியவில்லை.

பணம் அதில் இல்லை. மறுநாள் காலை என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் இரண்டு நாற்பது ரூபாயும் இருந்தன. நானே வைத்து மறந்தவை.

அவள் நாலு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். "சரி, போய் உட்கார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பணம் கிடைத்துவிட்டது என்று வகுப்பில் சொன்னேன், எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறினாள். அந்த ஒன்றரை வருஷமும் என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை.

விமான நிலைய மேஜை முன்னால் எனக்கு ஞாபகம் வந்தது இந்த மேஜைதான். எனக்கு ஒரு தட்டை நிமிர்த்தி வைக்க ஒரு பெண் இருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு பையன் இருந்தான். நான் அவளுக்கு எதுவும் செய்யவில்லை.

பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டும் சோதனைதான், என்ன வித்தியாசம்? விமான நிலையத்தில் எல்லோருடைய பையும் மெஷினுக்குள் போகிறது. கோடீஸ்வரன் பையும் போகிறது, என் மஞ்சள் பையும் போகிறது. விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். அதை மட்டும் ஒளிவு மறைவில்லாத பையில் வைத்துக் காட்டிவிட்டால், மற்றதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. என் பொட்டலம் திரவமே இல்லை. அது கைப்பையின் அடியில் தன் பாட்டுக்கு இருந்திருக்கும். தைலத்தையும் எண்ணெயையும் தனியாகப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு முடிந்துவைத்தது என் தப்பு. காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டால் மறைக்க வேண்டியது மறைவாக இருக்கும். அந்தப் பைக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கிறது.

என் வகுப்பில் 42 பைகள் இருந்தன. நான் ஒன்றைத்தான் கவிழ்த்தேன். அதற்குச் சோதனை என்று பெயரில்லை.

2023-ல் இரண்டாம் முறை போனபோது என் பை சரியாக இருந்தது. தட்டில் வைத்தேன், போயிற்று, வந்தது. எனக்குப் பின்னால் ஓர் அம்மா, என்னைவிடப் பெரியவர், கையில் என்னுடையதைப் போலவே ஒரு துணிப்பை. தனியாகக் கூப்பிட்டார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு பக்கத்தில் போய், என் கூடுதல் பையில் ஒன்றைக் கொடுத்து, தைலத்தையும் கிரீமையும் பிரித்துப் போட உதவினேன். வரிசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அவர் பையில் என்ன இருந்தது என்று நானும் பார்க்கவில்லை. கூடுதலாக இரண்டு பை வைத்திருக்கச் சொன்னது இதற்குத்தான்.

இதைப் படிக்கிறவர்களில் ஏழெட்டுப் பேர் இன்று ஆசிரியர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். எது காணாமல் போனாலும் ஒரு குழந்தையின் பையை நாலு பேர் முன்னால் திறக்காதீர்கள். முதலில் உங்கள் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு. உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மறுபடியும் உன் பையைக் கவிழ்த்தது போலாகிவிடும். நீ இதைப் பார்ப்பாயோ மாட்டாயோ தெரியாது. அன்று தப்பு செய்தது நான். பணம் என் பதிவேட்டில்தான் இருந்தது. அதை 42 பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த 42 பேரில் பலர் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இப்போது சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. அன்றைக்கு நோட்டை விரித்து வைத்த உன் தோழியைப் பார்த்தால், டீச்சர் அவளிடம்தான் பாடம் கற்றார் என்று சொல்.

மற்ற எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள். பேரப்பிள்ளைகளை ஆசை தீரக் கொஞ்சிவிட்டு வாருங்கள். லேகியத்தைப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்